மாப்பிள்ளையாக வந்தவன் பார்த்த ஊர்

(கல்முனையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள் அன்றாட வாழ்க்கையில் அழகையும் அதிசயத்தையும் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். வேறு ஊர்களில் இந்தத் தலைப்பைக் கொடுத்தால், பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கிய இளைஞனின் கதையைத்தான் சபை எதிர்பார்க்கும். நமது கரையில் அந்தக் கதை வேறு மாதிரி. இங்கே வயலோரத்து ஆண்பிள்ளை பட்டினத்துக்கு வருகிற பழைய வழி கலியாணம். இறக்காமத்திலிருந்தும் வரிப்பத்தான்சேனையிலிருந்தும் சம்மாந்துறையின் வயல் பக்கமிருந்தும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். நானும் அந்தக் கூட்டம்தான். இந்த மண்டபத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பது சிரிப்புச் சத்தத்திலேயே தெரிகிறது.

பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை போவது நமக்குச் சாதாரணம். வெளியார் இதை அதிசயமாகப் பார்க்கிறார்கள். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்து தங்கி, தாய்வழிக் குடி முறையையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் இந்த ஏற்பாட்டைப் பகிர்ந்து வைத்திருப்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். நம் ஊரின் நெரிசலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு வளவில் மூத்தவளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் ஒரு வீடு, கடைக்குட்டிக்கு உம்மா வாப்பா இருந்த வீடு. அடுத்த தலைமுறையில் அந்தத் துண்டும் துண்டாகும். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை, நடுவே பிரதான வீதி. ஊர் நீளும், அகலாது. கல்முனை 2001இல் மாநகர சபை ஆனது. ஆனாலும் கடற்கரையில் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினால், துப்புவதற்கு முன்பே வயல் வந்துவிடும். அந்த ஒடுங்கிய மணல் திட்டுக்குள்தான் பள்ளி, பாடசாலை, சந்தை, கந்தோர், வீடு எல்லாம்.

இப்படிப்பட்ட ஒழுங்கைக்குள் வந்து விழுகிற கிராமத்து மாப்பிள்ளை முதலில் செய்வது என்ன? தன் ஊரைத் தேடுவான். மதிலுக்கு மேலால் ஒரு முருங்கைக் கொப்பு தெரிந்தால் சந்தோஷப்படுவான். பின்னேரமானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிட்டங்கிப் பாலத்தடிக்குப் போய் நின்று தண்ணீரையும் கொக்கையும் பார்ப்பான். திரும்பி வந்து, “என்ன ஊர் இது, காத்துமில்ல, வெளியுமில்ல” என்பான். பட்டினத்தில் அழகு என்றால் அவனுக்குப் பட்டினத்துக்குள் தப்பிக் கிடக்கிற கிராமம்தான். நகரத்து அழகைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேரும் இதைத்தான் செய்கிறார்கள். மாடியில் ஒரு பூச்சட்டி, கம்பியில் ஒரு குருவி. எனக்கு இந்த வகை ரசனையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஏனென்றால், ஊரில் இருந்தபோது நாங்கள் வயலை அழகென்று பார்த்தவர்களா? வயல் என்றால் வேலை. வட்டை விதானை எப்போது தண்ணீர் முறை தருவார், உரம் கடனுக்குக் கிடைக்குமா, மாரியில் வெள்ளம் வந்து விதைப்பை அள்ளிக்கொண்டு போகுமா, கதிர் முற்றும்போது யானை இறங்குமா என்பதுதான் பேச்சு. காவலுக்குப் பரணில் இருக்கிறவன் நிலாவைப் பார்ப்பது யானை வருகிறதா என்று தெரிந்துகொள்ள. பச்சைப் பசேல் என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பயிர் பச்சையாக இருந்தால், “யூரியா பிடிச்சிரிக்கி” என்பார்கள். அவ்வளவுதான்.

அதற்காக அவர்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அந்த “பிடிச்சிரிக்கி” என்ற சொல்லுக்குள் எல்லாம் இருக்கிறது. வரம்பில் நின்று ஒரு பார்வை பார்த்தால், எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, எதில் மஞ்சள் தட்டுகிறது, எங்கே பூச்சி இறங்கியிருக்கிறது என்று வயற்காரனுக்குத் தெரியும். தெரிந்ததால் அவன் நின்று பார்த்தான். நாள் முழுக்கப் பார்த்தாலும் அலுப்பு வரவில்லை. பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் ஆசிரியத் தொழில் செய்தவர். அவர் பயிர்ச்செய்கையையே பொருளாக எடுத்து ‘வேளாண்மை’ என்று ஒரு காவியம் எழுதினார். அவர் 1975இல் காலமான பிறகு, 1982இல் அது நூலாக வந்தது. வயலின் அழகைப் பாட நினைத்தவர் வயலின் வேலையைத்தான் பாட வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளும் இந்த வழியில் போனவர்தான். அடிப்படையில் விஞ்ஞானம் படித்த மனிதர். பழந்தமிழரின் யாழ் இனிமையானது என்று புகழ்ந்துவிட்டுப் போகாமல், நரம்புக்கு நரம்பு கணக்குப் போட்டு, அது எப்படி ஒலித்திருக்கும் என்று தேடினார். ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான்: வந்த ஊரில் அழகு தெரியவில்லை என்றால், அந்த ஊரின் வேலை இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்துக் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த், மலையும் ஏரியுமே கவிதை என்று இருந்தவர், 1802இல் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடக்கும்போது அந்த நகரத்தின் அழகில் மயங்கி ஒரு கவிதை எழுதினார். உலகப் புகழ் பெற்ற கவிதை. ஆனால் அது விடிகாலை. சனங்கள் எழும்பவில்லை. வீடுகளுக்கு மேலே புகையும் இல்லை என்று அவருடைய தங்கை டொரதி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உறங்குகிற நகரத்தை ரசிப்பதில் என்ன பெரிய காரியம்? பெருநாளைக்கு முந்திய இரவு கல்முனைச் சந்தைக்குள் நுழைந்து, இரண்டு கையிலும் பையோடு, மூன்று ஆட்டோவுக்கு நடுவில் நின்றுகொண்டு ரசித்துக் காட்டியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன்.

குர்ஆனில் அல்காஷியா அத்தியாயம் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறது. வானம், மலை, பூமி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வதற்கு முன்னால், ஒட்டகத்தைப் பார்க்கச் சொல்கிறது, அது எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று. நமக்கு ஒட்டகம் ஒரு வேடிக்கையான மிருகம். முதலில் அதைக் கேட்ட அரபிக்கு அது அப்படியல்ல. அவன் தினமும் ஏறிப் போகிற, சுமை ஏற்றுகிற, சாணி அள்ளுகிற மிருகம். வாசலில் கட்டிக் கிடப்பதைத்தான் பார் என்று சொல்லப்பட்டது. அதுவும் எவ்வளவு அழகு என்று பார்க்கச் சொல்லவில்லை, எப்படி ஆக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது.

சரி, நம் வாசலுக்கு வருவோம். எங்கள் மாமி வீட்டு வளவில் ஒரு கிணறு இருக்கிறது. கடல் கூப்பிடு தூரம். அலைச் சத்தம் குசினிக்குள் கேட்கும். அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர். குளத்து ஊரில் பிறந்தவனுக்கு இது ஒரு புதிர். உப்புக் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், வெறும் மணலைத் தோண்டினால், குடிக்கிற தண்ணீர் எப்படி வரும்? மாமியிடம் கேட்டால், “அல்லாஹ் தந்த தண்ணி மகன்” என்றார். அது சரியான பதில். அவன் எப்படித் தந்தான் என்று நான் தேடிப் படித்தேன்.

மாரி மழை மணலுக்குள் இறங்குகிறது. கடல் நீரும் அடியால் ஊறி உள்ளே வருகிறது. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரை விடக் கொஞ்சம் இலேசு. ஆகவே அது கீழே போய்க் கலந்துவிடாமல், தயிர் முட்டியில் ஆடை படிந்த மாதிரி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நாம் ஊர் என்று சொல்கிற இந்த மணல் திட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது. பாடன் கைபன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும், 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு பிறக்கிற காலத்தில், தனித்தனியே இதற்குக் கணக்கு எழுதினார்கள். நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரைக்கும் அது இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். நமது உம்மாமார் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றாதே என்று பிள்ளைகளை ஏசியதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கணக்கு கிடந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் அந்தக் கிணறுகள் எல்லாவற்றையும் கடல் மூடியது. இந்தத் தீவில் ஆக அதிகமான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல். இந்த மண்டபத்தில் பிள்ளையை, உம்மாவை, துணையைக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் கடலின் அழகைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பல வருடங்கள் கடல் பக்கம் முகம் திருப்பாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய், சூரிய உதயம் பாருங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கிணற்றின் கதையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அலை வடிந்த பிறகு, கிணற்றை இறைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறி வந்தது. கை வைக்க வைக்கக் கெட்டது. மழைதான் மேலிருந்து இறங்கி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது. மாமி ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஊற்றி, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். “இன்னும் கரிக்கிது.” அடுத்த மழைக்கும் அதே. ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் அந்த வாளியைக் கொண்டுபோய் உலையில் ஊற்றிவிட்டார். எங்களுக்கு அவர் அறிவித்த விதம் அதுதான்.

இன்று குடிக்கக் குழாய்த் தண்ணீர் வருகிறது, கொண்டவட்டவானில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அது கல்லோயாத் திட்டத்துத் தண்ணீர். நாம் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் தொடங்கிய வேலை. எங்கள் ஊர் வயல்களுக்கு முறை வைத்துத் திறக்கிற தண்ணீரும் அதே திட்டத்திலிருந்து வருவதுதான். நான் காற்றுமில்லை வெளியுமில்லை என்று கிட்டங்கிக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தண்ணீர் குசினிக் குழாயில் வந்து, கோப்பை கழுவிக்கொண்டிருந்தது.

மருதமுனைக்குப் போங்கள். கைத்தறி ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். சாரம் வாங்கப் போகிறோம், விலையைக் கேட்கிறோம், குறைத்துக் கேட்கிறோம், திரும்பி வருகிறோம். தறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தி இருந்தவர்கள் எத்தனை பேர்? பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு கை கயிற்றை இழுக்க, நாடா ஒரு பக்கமிருந்து மறு பக்கம் ஓடுகிறது. மறு கை பலகையை அடிக்கிறது. கால் மிதியை மாற்றுகிறது. நாடா ஓடுகிற இந்த முறையை ஜோன் கே என்ற ஆங்கிலேயர் 1733இல் கண்டுபிடித்தார். ஒரு நெசவாளி இராத்தாவிடம் கட்டத்தின் நிறக் கணக்கை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கால் நிற்காமலே சிரித்தார். “கண்ணில இரிக்கி தம்பி.” அதற்குள் ஓர் இழை அறுந்தது. எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தறி நின்றது. அறுந்த முனையைத் தேடி எடுத்து, விரலை நாக்கில் தொட்டு நனைத்து, விழுதுக்குள்ளால் கோத்து, அச்சுக்குள்ளால் இழுத்து, முறுக்கி ஒட்டினார். முடிச்சு எங்கே என்று துணியில் தடவிப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மருதமுனை ஒழுங்கைகளில் போகும்போது தறிச் சத்தம் நின்றால் எனக்குக் காது நிமிரும். எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது. சத்தம் திரும்பத் தொடங்கும் வரைக்கும் கால் நகராது. மலிவான துணி வந்து குவிந்த பிறகு, பல வீடுகளில் அந்தச் சத்தம் நின்றது நின்றதுதான். அது வேறு ஒரு கூட்டத்தில் பேச வேண்டிய விசயம்.

கரைவலையையும் சொல்ல வேண்டும். கடலின் அழகைப் பேச மாட்டேன் என்றேன். இது கடலில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி போகிறது. அரை வட்டமாக வலையைப் போட்டுக்கொண்டே சுற்றி, மற்றத் தலைப்பைத் தூரத்தில் இன்னொரு இடத்தில் கரை சேர்க்கிறது. இரண்டு கூட்டம் இரண்டு இடத்தில் நின்று இழுக்கிறது. வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், மீன் எப்போது வரும் என்று. நீங்கள் அடுத்த முறை ஆட்களைப் பாருங்கள். பின்னோக்கி நடந்து இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகருகிறது. யாரும் கட்டளை போடுவதில்லை. தொடங்கும்போது அந்தப் பக்கத்து ஆளின் முகம் தெரியாது. மடி கரை ஏறும்போது தோளோடு தோள் உரசி நிற்பார்கள். கந்தோருக்குப் போகிற வழியில் சேர்ந்து இழுத்துவிட்டு, கையளவு கீரி மீனோடு வீட்டுக்குத் திரும்பிப் போகிற உத்தியோகத்தரையும் கண்டிருக்கிறேன். அன்றைக்குக் கந்தோருக்கு எத்தனை மணிக்குப் போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

இனி, காலையில் நம் ஒழுங்கைக்குள் வருகிற பாண் ஆட்டோ. நாடு முழுக்க அது பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் போட்டுக்கொண்டு வருகிறது. அது பேத்தோவன் என்ற ஜெர்மன் இசை மேதை 1810இல் எழுதிய ‘எலிஸுக்காக’ என்ற இசை. அந்தக் காலத்தில் அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. 1827இல் இறந்தார். இந்த இசை அச்சில் வந்ததே 1867இல்தான். தன் காதாலேயே சரியாகக் கேட்க முடியாமல் போன மனிதரின் இசை இருநூறு வருடத்துக்குப் பிறகு சாய்ந்தமருதில் சீனி பணிஸ் விற்கிறது. பிள்ளைகள் காசை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதற்கு மேல் ஓர் அதிசயத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வர வேண்டும். வராவிட்டாலும் நானே எடுத்துக்கொள்கிறேன். வந்து சேருகிற மாப்பிள்ளைக்குத்தான் புதிய ஊர், புதிய கண். பிறந்த வளவிலேயே வாழ்ந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே வயதாகிற பெண்ணுக்கு என்ன? பின்னேரம் கடற்கரையில் காற்று வாங்குவது ஆண்களுக்கு எளிது. பெண்களுக்கு அத்தனை எளிதில்லை. இதை மறைத்துவிட்டு நகரத்து அழகைப் பேசுவது நேர்மையில்லை. ஆனால் நான் வீட்டுக்குள் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மாமிக்கு மணிக்கூடு வேண்டாம். சுபஹு பாங்கு ஊரில் ஒரே நேரத்தில் கேட்பதில்லை. ஒரு பள்ளி தொடங்கி, மற்றது சேர்ந்து, இன்னொன்று பிந்தி வரும். எந்தப் பள்ளி முந்துகிறது என்பதை வைத்து இன்றைக்கு எந்த முஅத்தின் லீவு என்று சொல்லுவார். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களில், வீதிக்குப் போகாமலே, ஆள் நடமாட்டச் சத்தத்தில் கூட்டத்தின் அளவைச் சொல்லுவார். மதிலுக்கு அப்பால் போகிற சைக்கிளின் சங்கிலிச் சத்தத்தில் ஆளைச் சொல்லுவார். நான் வெளியே நின்று பார்த்துப் பழகியதை விட, அவர் உள்ளே இருந்து கேட்டே அறிந்தது அதிகம். புதிய கண்தான் அதிசயத்தைக் காணும் என்ற பேச்சை நான் அதற்குப் பிறகு எங்கும் பேசுவதில்லை.

சுனாமிக்குப் பிறகு மண்ணில் வீடு வைத்திருந்தவர்கள் சிலர் தொடர்மாடிக்குப் போனார்கள். வளவு போய்விட்டது, கிணறு போய்விட்டது, கோழி வளர்க்க முடியாது என்ற கவலை நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே ஒரு பிள்ளை என்னை மேல் தளத்துக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் வட்டையையும் ஒரே இடத்தில் நின்று காட்டினாள். கீழே வாழ்ந்த அவளுடைய மூத்தம்மாவுக்குத் தன் ஊர் இவ்வளவு ஒடுக்கம் என்று தெரிந்திருக்கச் சந்தர்ப்பமே இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால், கரைவாகுப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பினால் மாரி வெள்ளம் எங்கே போகும், தோணாவைக் குப்பை அடைத்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று அந்தப் பிள்ளைக்கே விளங்கும். வரைபடம் வைத்து முடிவெடுக்கிறவர்களை ஒரு தடவை அங்கே ஏற்றிவிட்டால் நல்லது.

வெளியூர் போகிற இளைஞர் ஒருவர், “நான் வெள்ளவத்தைக்குப் போகிறேன், அங்கே என்னத்தைப் பார்ப்பது?” என்று சற்று முன்பு வாசலில் வைத்துக் கேட்டார். தம்பி, அங்கே கடலுக்கும் வீட்டுக்கும் நடுவால் ரயில் ஓடுகிறது. எந்த ரயில் எங்கிருந்து வருகிறது, எதில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று முதல் மாதத்தில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதை நீங்கள் எனக்கு வந்து சொல்லுங்கள்.

அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தறியைப் பற்றிக் கேட்கிறவர்கள் முன்வரிசையில் இருக்கிற மருதமுனைக்காரர்களிடம் கேட்பது நல்லது. நான் சொன்னதில் ஏதும் பிழை இருந்தால் அவர்கள் இப்போதே திருத்தத் தயாராக இருப்பது முகத்தில் தெரிகிறது.